தும்மல் நின்ற பிறகு

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் துலா மழை பிடித்துக்கொள்ளும். ஜூன் தொடங்கி நவம்பர் வரை மெத்தையை நன்றாகக் காயப்போட வெயில் கிடைப்பதே பெரும்பாடு. கடலோர ஊர் என்பதால் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தை நம்பித்தான் ஓர் உயிர் நம் படுக்கைகளில் குடியிருக்கிறது.

அது தூசிப்பூச்சி. எட்டுக் கால், நீளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்க அதற்குத் தெரியாது; காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். இந்த ஊரின் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய வீடுகளிலும் அதற்கு அந்தக் கவலை இல்லை.

வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சியே முக்கியக் காரணம் என்று 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர் வோர்ஹோர்ஸ்டும் குழுவினரும் காட்டினார்கள். தொந்தரவு தருவது பெரும்பாலும் அதன் எச்சம். சுமார் 20 மைக்ரான் அளவுள்ள உருண்டை. படுக்கையை உதறும்போது எழும்பி மூக்குக்குள் போய் ஒட்டுகிறது. அதிலுள்ள டெர் பி 1 என்ற செரிமான நொதி புரதத்தை அறுக்கும். மூக்கின் உள்தோலில் செல்லையும் செல்லையும் இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்களும் அதற்குத் தப்புவதில்லை.

அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 போன்ற சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் இவற்றுக்குத்தான் சைட்டோகைன் என்று பெயர். செய்தி கிடைத்த வெள்ளணுக்கள் தங்கள் பங்குக்கு வேறு சைட்டோகைன்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-4 ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கச் சொல்கிறது. இன்டர்லூகின்-13 சளியைக் கூட்டுகிறது. இன்டர்லூகின்-5 ஈசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்களைப் பெருக்கி நீண்ட நாள் வாழவைக்கிறது.

அடுத்த முறை அதே தூசி பட்டால் இரண்டு கட்டமாக எதிர்வினை நடக்கும். மூக்கின் உள்தோலில் இருக்கும், ஐஜிஇ போர்த்திய மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் நமைச்சல், அடுக்குத் தும்மல், நீராய் ஒழுகும் மூக்கு. அரை மணியில் அது அடங்கிவிடலாம். ஆனால் சைட்டோகைன்கள் அழைத்த செல்கள் வந்து சேர நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆகும். காலையில் உதறிய மெத்தைக்கு மாலையில் மூக்கு அடைப்பது பலருக்கு இப்படித்தான். நாள்தோறும் இது தொடர்ந்தால் உள்தோல் வீங்கியே கிடக்கும். பிறகு மிகக் கொஞ்சம் தூசியே போதும்.

இத்தனை ஏற்பாடும் உடம்பில் எதற்காக? இதே சைட்டோகைன்கள்தான் குடற்புழுக்களோடு போராடுபவை. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதம் வழியே கொக்கிப்புழு ஏறிய ஊர் இது. 1920களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு அதை ஒழிக்க முனைந்தது. சளியைப் பெருக்குவதும் ஈசினோஃபில்களைத் திரட்டுவதும் அந்தப் பகைவனுக்கு எதிராக மிகச் சரியான வேலை. தூசியைப் பார்த்து அதே வேலையை உடம்பு செய்வதுதான் துன்பம்.

உடனே வரும் தும்மல், பிறகு வரும் அடைப்பு என்ற இரண்டு கட்டத்தையும் புரிந்துகொண்டால் மருந்துக்கடையில் ஏமாற்றம் குறையும் என்று நம்புகிறேன். செட்டிரிசின் ஹிஸ்டமினைத் தடுக்கிறது, தும்மல் நிற்கிறது. அடைப்பு அவ்வளவாக இளகுவதில்லை. டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே செல்லுக்குள் புகுந்து சைட்டோகைன் உற்பத்தியையே குறைக்கிறது. அதன் முழுப்பலன் தெரிய ஓரிரு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று தூக்கிப் போட்டால் பாவம் அந்த மருந்து என்ன செய்யும்? உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறதே தவிர அழற்சியைத் தொடுவதில்லை; ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

இன்டர்லூகின்-4, 13 இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் டுபிலுமாப் போன்ற ஊசிகளும் வந்துவிட்டன. விலை மிக அதிகம். கடும் ஆஸ்துமா, மூக்குத்தசை வளர்ச்சி போன்றவற்றுக்கே பெரும்பாலும் தருகிறார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது. வெயில் அடிக்கும் நாளில் மெத்தையைக் காயப்போட்டால் பூச்சி சாகும். எச்சத்தின் புரதம் அங்கேயே இருக்கும். தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் சாகும், புரதமும் தண்ணீரோடு போகும்.