தீவுகளும் கப்பல்களும் – 7: துறைமுகம் திறந்துவிட்டது, கூரை இன்னும் வரவில்லை

மயாமியிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்கள் எந்தத் தீவில் நிற்பது, எதைத் தாண்டிப் போவது என்று எப்படி முடிவு செய்கின்றன என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கும் ஒரு தீவுக்கு இந்த வாரம் போகலாம். பெயர் செயின்ட் மார்ட்டின். மொத்தப் பரப்பே 87 சதுர கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன நிலத்தையும் 1648ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பிரான்சும் நெதர்லாந்தும் பங்கிட்டுக்கொண்டன. வடக்கே பிரெஞ்சுப் பகுதி, தெற்கே சின்ட் மார்டென் என்ற டச்சுப் பகுதி. பெரிய கப்பல்கள் வந்து நிற்பது தெற்கே, பிலிப்ஸ்பர்க் நகரில்.

2017 செப்டம்பர் 6 காலையில் இர்மா சூறாவளியின் கண் இந்தத் தீவின் மேலேயே கடந்துபோனது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 285 கிலோமீட்டர். கண் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கிவிடும். முடிந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்தால் ஆபத்து. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே மூர்க்கத்தோடு மீண்டும் அடிக்கும். முதல் பாதியில் ஆணிகள் தளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்த தகரங்களை இரண்டாம் பாதி பிடுங்கிக்கொண்டு போகும். சின்ட் மார்டெனில் பத்துக் கட்டடங்களில் ஒன்பதுக்கு மேல் சேதப்பட்டன. ஜூலியானா விமான நிலையத்தின் கூரை பிய்ந்து, மழைநீர் உள்ளே புகுந்தது. சிம்சன் பே காயலில் புயலுக்குப் பாதுகாப்பாக என்று கட்டிவைத்திருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. மூச்சு விடுவதற்குள் ஹோசே என்று இன்னொரு சூறாவளி பக்கத்தில் வந்து மிரட்டிப் போனது. அடுத்த பத்து நாளில் மரியா.

அதே நாட்களில் அமெரிக்காவில் பலர் வேறொரு கவலையில் இருந்தார்கள். டிசம்பருக்கோ ஜனவரிக்கோ பணம் கட்டி வைத்திருக்கிறோமே, கப்பல் அங்கே நிற்குமா? நியாயமான கேள்விதான். ஆண்டு முழுக்கச் சேமித்துப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் பயணச் சீட்டின் ஒப்பந்தத்தைப் படித்தால், எந்தத் துறைமுகத்தையும் மாற்றவோ விட்டுவிடவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அந்த இலையுதிர்காலத்தில் கப்பல்கள் பலவும் கிழக்கு கரீபியனை விட்டுவிட்டு மேற்கே கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கொசுமெல் பக்கம் திரும்பின. பயணிகளுக்கு ஒரு கடற்கரைக்குப் பதில் இன்னொரு கடற்கரை கிடைத்தது.

பிலிப்ஸ்பர்க்கில் இழப்பு எப்படி இறங்கியது என்று பாருங்கள். கிரேட் பே கடற்கரையில் இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு குடை, ஐஸ் போட்ட வாளியில் சில பீர் பாட்டில்கள், எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் காலையில் வரும், மாலையில் போய்விடும். இடைப்பட்ட சில மணி நேரம்தான் அவர்களுடைய கடை. கப்பல் வராத நாளில் நாற்காலிகள் மடித்தபடியே இருக்கும். வேனில் ஊர் சுற்றிக் காட்டும் ஓட்டுநருக்கும், ஃபிரன்ட் ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வைத்திருக்கும் சிந்தி வணிகர்களுக்கும் இதே கணக்குதான். (கராச்சி, பம்பாய் வழியாக உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவிய சமூகம் அது. கரீபியனிலும் வேர்விட்டுவிட்டார்கள்.) நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் பருவத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டும். இர்மா அந்தப் பருவத்தின் வாசலில் வந்து நின்றது.

கப்பல் நிறுவனங்களை இந்த இடத்தில் குறை மட்டும் சொல்லக் கூடாது. ராயல் கரீபியனின் 'அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ்' உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு வந்தது. தீவில் சிக்கியிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. விமான நிலையம் முடங்கிக் கிடந்த நாட்களில் அது பெரிய உதவி.

டிசம்பரில் உல்லாசப் பயணிகளோடு கப்பல்கள் திரும்பின. மூன்றே மாதம்! எப்படி முடிந்தது என்று வியப்பவர்களுக்கு விடை எளிது. கப்பலுக்குத் தீவிடம் தேவைப்படுவது மிகக் கொஞ்சம். உறுதியான கான்கிரீட் துறை, ஆழமான நீர், இறங்கி நடக்க ஒரு தெரு. படுக்கை, மின்சாரம், குடிநீர், சாப்பாடு எல்லாமே கப்பலுக்குள் இருக்கின்றன. ஓட்டல்கள் இடிந்து கிடந்தாலும் கப்பல் பயணி வந்துபோகலாம். அதனால்தான் அழிவுக்குப் பின் முதலில் எழுந்து நிற்கும் தொழிலாக இது இருக்கிறது.

அடுத்த ஆண்டின் கணக்கு இதைப் பளிச்சென்று காட்டும். 2018இல் கப்பலில் வந்தவர்கள் ஏறத்தாழ 16 லட்சம் பேர். புயலுக்கு முந்தைய 2016ஐ நெருங்கிவிட்ட எண்ணிக்கை. ஆனால் விமானத்தில் வந்து ஓட்டலில் தங்கியவர்கள் 2016இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இரவு தங்குகிறவர் அறைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் வாடகைக் காருக்கும் செலவழிப்பார். ஓட்டலில் வேலைபார்த்த அறைப் பணியாளர்களுக்கும் சமையற்காரர்களுக்கும் கப்பல் கூட்டத்தால் பெரிய பலனில்லை. விமான நிலைய முனையத்தின் மறுகட்டுமானம் முழுமையாக முடிந்தது 2024இல்.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது வீட்டுக் கூரைகள். கடைத்தெருவுக்கு வெள்ளையடித்துப் பூச்சட்டி வைத்த பிறகும், மலைச்சரிவுக் குடியிருப்புகளில் நீலத் தார்ப்பாய்கள் மாதக்கணக்கில் படபடத்துக்கொண்டிருந்தன. தார்ப்பாய் என்பது சில வாரங்களுக்கான ஏற்பாடு. வெயிலில் நைந்து கிழியும், மழையில் ஒழுகும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்பதும் தீராத தலைவலி. நகருக்குப் பின்னால் இருக்கும் கிரேட் சால்ட் பாண்ட் குப்பைமேட்டில் இர்மா விட்டுப்போன தகரமும் மரமும் மெத்தையும் குவிந்தன. அது அடிக்கடி தீப்பிடித்துப் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பிலிப்ஸ்பர்க்கில் குடியிருந்தவர்கள். மாலையில் ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறவர்களுக்கு அது சில மணி நேர நாற்றம்.

பணம் இல்லாமலா? நெதர்லாந்து 55 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி உலக வங்கி நிர்வகித்த நிதியத்தின் வழியாக வந்தது. ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டிலும் ஊழல் தடுப்பிலும் தான் வைக்கும் நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்று நெதர்லாந்து சொல்ல, சின்ட் மார்டென் பிரதமர் வில்லியம் மார்லின் மறுக்க, 2017 நவம்பரில் அவருடைய ஆட்சியே கவிழ்ந்தது. ஊழலுக்குக் கடிவாளம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கூரையில்லாத வீட்டில் குழந்தையோடு இருப்பவரை அந்தப் பேரத்துக்கு நடுவில் நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன்.

புயல் அடித்த தீவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: துறைமுகம் திறந்திருந்தால் தாராளமாகப் போங்கள். ஒதுங்குவது உதவியாகாது. பரிதாபப்பட்டு விலகிப் போகும் ஒவ்வொரு கப்பலும் யாரோ ஒருவருடைய வாரக் கூலியை எடுத்துக்கொண்டு போகிறது. போனால் துறைமுக வாசலிலேயே நின்றுவிடாமல் ஃபிரன்ட் ஸ்ட்ரீட்டைத் தாண்டி, பின்னால் இருக்கும் பேக் ஸ்ட்ரீட்டில் ரொட்டியும் கறியும் விற்கும் சிறு கடைகள் வரை நடங்கள். ஊர்க்காரர் ஓட்டும் வேனில் ஏறுங்கள். 'எல்லாம் பழையபடி ஆகிவிட்டது' என்று மட்டும் திரும்பி வந்து சொல்லாதீர்கள்.

அரசுகளிடமும் கப்பல் நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது வேறு. துறைமுகத்தை மூன்று மாதத்தில் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கு, அங்கே வேலைபார்க்கிறவர்களின் வீட்டுக் கூரைக்கும் ஒரு கெடு வைக்க முடியும். இறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் தீவு வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை, அடுத்த புயலுக்கு முன்பே, கூரைச் சட்டத்தையும் சுவரையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளுக்கென்று எடுத்து வைக்கலாம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம் என்பது ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த சங்கதிதானே.

அடுத்த வாரம் கொசுமெல். 2005இல் வில்மா சூறாவளி துறையையே உடைத்துப்போட்ட பிறகு, கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து பயணிகளைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்த தீவு அது.

(தொடரும்)