திறந்த மூல நிரலும் பயனரின் அந்தரங்கமும்

கணிப்பொறி மென்பொருள்களுள் சிலவற்றின் மூல நிரல் எல்லார்க்கும் வெளிப்படையாகக் கிடைப்பதாம். அவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்பர். விரும்பியவாறு இயக்குதல், ஆராய்தல், திருத்துதல், பிறர்க்கு வழங்குதல் ஆகிய உரிமைகள் இவற்றால் மக்கட்கு உண்டாகின்றன. தன்னார்வலர் பலர் கூடி வளர்த்த இத்துறையில் இக்காலத்தே பெருவணிக நிறுவனங்களும் பெரும்பங்கு கொண்டுள்ளன. நிரல் வெளிப்படையாயிருத்தலால் நம் அந்தரங்கமும் தானே காக்கப்படும் என எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பொருந்துமோவென ஈண்டு ஆராய்வாம்.

இலண்டனைச் சார்ந்த கனோனிக்கல் நிறுவனம் உபுண்டு என்னும் இயங்குதளத்தை 2004-ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கி வருகின்றது. 2012 அக்டோபரில் வெளிவந்த 12.10-ஆம் பதிப்பில் ஒரு புதுமை புகுத்தப்பெற்றது. பயனர் தம் கணிப்பொறியிலுள்ள கோப்பொன்றைத் தேடச் சொற்களைத் தட்டினாலும், அச்சொற்கள் இணையவழியே நிறுவனத்தின் சர்வர்க்குச் சென்றன; விடையோடு அமேசான் கடைச் சரக்குகளும் காட்டப்பெற்றன. விற்பனை நிகழின் நிறுவனத்திற்கு ஒரு பங்கு கிடைக்கும். தன் வீட்டுப் பெட்டியில் ஒன்றைத் தேடுவான் ஒருவனது சொல், அவன் அறியாமலே கடைத்தெருவை எட்டியதை ஒக்கும் இது.

ரிச்சர்டு ஸ்டால்மன் இதனை உளவு மென்பொருள் என 2012 டிசம்பரில் கண்டித்தனர். அதனை நிறுத்தும் வழி அமைப்பிலேயே இருந்தது உண்மையே. எனினும், தொடக்கத்தில் உள்ளவாறே விட்டுவிடுவோரே உலகில் மிகுதி. 2016 ஏப்ரலில் வெளிவந்த 16.04-ஆம் பதிப்பில்தான், பயனர் தாமே விரும்பினாலன்றி அத்தேடல் நிகழாதவாறு மாற்றப்பெற்றது.

இனி, வெளிப்பட்ட நிரலும் கைக்கு வரும் மென்பொருளும் ஒன்றேயல்ல என்பதும் அறியத்தக்கது. மைக்ரோசாப்டு நிறுவனம் விஷுவல் ஸ்டூடியோ கோடு என்பதன் மூல நிரலை 2015-இல் வெளியிட்டது. ஆயின், அந்நிறுவனம் பதிவிறக்கத்திற்குத் தரும் மென்பொருள் வேறோர் உரிமத்திற்கு உட்பட்டது. பயன்பாட்டுச் செய்திகளைத் திரட்டியனுப்பும் அமைப்பும் அதில் உண்டு. பயனர் அதனை நிறுத்திக்கொள்ளலாம். நிரல் திறந்திருத்தலால், அவ்வனுப்புதல் இல்லாத விஎஸ்கோடியம் என்பதனை வேறு சிலர் ஆக்கி வழங்குகின்றனர்.

இவற்றால் பெறப்படுவது யாது? திறந்த நிரல் வெறும் பெயரன்று. எச்செய்தி வெளிச்செல்கின்றது எனக் கண்டறியவும், அவ்வரிகளை நீக்கவும் அது வகைசெய்கின்றது. ஆயினும் அதன் ஒளி நம் கணிப்பொறியின் எல்லையோடு நின்றுவிடும். சர்வரைச் சென்றடைந்த செய்தி எத்துணைக்காலம் வைக்கப்படும், எவர்க்கு அளிக்கப்படும் என்பவற்றை மூல நிரலைப் படித்து அறிதல் இயலாது. அவற்றைச் சட்டமும் நிறுவனத்தின் நேர்மையுமே காத்தல் வேண்டும்.

பிறர் செய்தியைப் பெற்ற நிறுவனம் அதற்கு உடையவனல்லன், உக்கிராணக்காரனே. ஆதலின் முன்னர்க் கேட்டுப் பின்னர்ப் பெறுதலே அதன் கடன். நாமும் புதிய மென்பொருளொன்றை நிறுவியவுடன் அதன் அந்தரங்க அமைப்பினை ஒருமுறை திறந்து பார்த்தல் நலம். கதவு திறந்திருக்கின்றது என்பது மட்டும் போதாது. அதன் வழியே வெளியேறுவது யாதென நோக்குதலும் வேண்டுமன்றோ?