வேட்டைத் துப்பாக்கிகள் – 9: ஒரே ஆலை, இரண்டு விலை

பின்லாந்தின் தென்பகுதியில் உள்ள ரீஹிமாகி நகரத்து ஆலை ஒன்றிலிருந்து இரண்டு பெயர்களில் போல்ட் துப்பாக்கிகள் வெளிவருகின்றன. விலை உயர்ந்தது சாகோ, மலிவானது டிக்கா. 2006-இல் அறிமுகமான சாகோ 85, 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட டிக்கா டி3எக்ஸ் ஆகிய இரண்டும் ஒரே .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடுபவை. ஆனால் சாகோவின் விலை டிக்காவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மரக்கட்டையும் மெருகும் கூடக்கூட அதையும் தாண்டிப் போகும். கையில் உள்ள பணத்துக்கு எதை வாங்குவது என்ற கேள்வி பின்லாந்தில் மட்டும் எழுவதில்லை. ஸ்வீடனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் துப்பாக்கிக் கடை மேசையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏராளம்.

ஆரம்பத்தில் இவை இரண்டு தனிக் கம்பெனிகள். பின்லாந்து விடுதலை பெற்ற கையோடு, அந்நாட்டு ஊர்க்காவல் படைக்கு ஆயுதம் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கியது சாகோ. டிக்கா என்பது டிக்ககோஸ்கி ஊர் ஆலையின் பெயரிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்துப் படை பயன்படுத்திய சுவோமி இயந்திரத் துப்பாக்கி அங்கே செய்யப்பட்டதுதான். 1983-இல் இரண்டும் இணைந்தன. பிறகு டிக்காவின் உற்பத்தி ரீஹிமாகிக்கே வந்து சேர்ந்தது. 2000-இல் இத்தாலியின் பெரெட்டா குழுமம் மொத்தத்தையும் வாங்கியது. அடுத்த மூன்றாம் ஆண்டில், 2003-இல், டிக்கா டி3 வந்தது. சாகோவின் தரத்தில் எதையெல்லாம் குறைத்தால் வேட்டைக்காரனுக்கு உறைக்காது என்று கணக்குப் போட்டுச் செய்த துப்பாக்கி அது.

குழலில் அவர்கள் கைவைக்கவில்லை. இரண்டு துப்பாக்கிகளின் குழல்களும் அதே ஆலையில், சூடாக்காமல் சுத்தியலால் அடித்து உருவாக்கும் முறையில் செய்யப்படுகின்றன. குறி தவறாமையைத் தீர்மானிப்பதில் குழலுக்குத்தான் முதலிடம் என்பதால் விலை வித்தியாசம் இலக்கு அட்டையில் அதிகம் தெரிவதில்லை. டிக்காவுக்கு நிறுவனம் தரும் உறுதி, மூன்று குண்டுகள் ஒரு நிமிடக் கோணத்துக்குள் விழும் என்பது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். சாகோவுக்கும் அதே அளவுதான், ஆனால் ஐந்து குண்டுகளுக்கு. இதைச் சின்ன வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் சிதறலின் அகலமும் கூடும். ஒரே துப்பாக்கியில் சுட்டால் ஐந்து குண்டுகளின் பரப்பு மூன்று குண்டுகளின் பரப்பைவிடச் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் அகலமாக இருக்கும். ஆகவே சாகோவின் வாக்குறுதி நிச்சயம் கடினமானது. ஆனால் வாக்குறுதி கடினமானதாலேயே துப்பாக்கி அந்த அளவுக்கு மேலானதாகிவிடாது. ஐந்து குண்டுகளையும் அந்த வட்டத்துக்குள் அடக்கும் டிக்காக்களும் உண்டு.

வேட்டைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைப் பின்லாந்துச் சட்டமே அளந்து வைத்திருக்கிறது. அங்கே மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாட விரும்புபவர் துப்பாக்கிச் சுடும் தேர்வில் தேறியாக வேண்டும். 75 மீட்டர் தூரத்தில் மூஸ் உருவம் வரைந்த பலகை. அதன் நெஞ்சுப் பகுதியில் 23 சென்டிமீட்டர் வட்டம். 90 நொடிக்குள் நான்கு குண்டுகளும் அதற்குள் விழ வேண்டும். கரடி வேட்டைக்கு அந்த வட்டம் 17 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரு நிமிடக் கோணத் துப்பாக்கி 75 மீட்டரில் சுமார் 2.2 சென்டிமீட்டருக்குள் சுடும். மூஸ் வட்டமோ அதைப் போலப் பத்து மடங்கு. இந்த இடைவெளியைத் தின்பது சுடுபவரின் கை நடுக்கமும் மூச்சும் அவசரமும், குழல் அல்ல. தேர்வில் தோற்றவர் விலை குறைந்த துப்பாக்கியைக் குறை சொல்ல இடமில்லை. .308 தோட்டாவின் வேகத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. 10 கிராமோ அதற்கு மேலோ உள்ள குண்டு 100 மீட்டரில் குறைந்தது 2,000 ஜூல் ஆற்றலோடு போக வேண்டும் என்ற மூஸ் வேட்டை விதியை இரண்டுமே எளிதாகத் தாண்டும்.

உண்மையான வித்தியாசம் போல்ட்டில் இருக்கிறது. சாகோ 85-இன் போல்ட் தலையில் மூன்று பூட்டுப் பற்கள், டிக்காவில் இரண்டு. வழக்கமாக இரண்டு பல் போல்ட்டைத் திறக்கப் பிடியை 90 பாகை தூக்க வேண்டும். டிக்காவின் வடிவமைப்பாளர்கள் இரண்டு பற்களை வைத்துக்கொண்டே 70 பாகையில் முடித்துவிட்டார்கள். சாகோவிலும் அதே 70தான். பிடிக்கும் மேலே உள்ள தொலைநோக்கிக்கும் நடுவே கையுறை போட்ட விரல்கள் நுழையக் குளிர்நாட்டில் இந்த இடம் அவசியம். போல்ட் ஓட்டத்தின் வழுவழுப்பிலும் டிக்கா பெயர் வாங்கியது. தன்னைவிட விலை கூடிய பல துப்பாக்கிகளை அது இந்த ஒரு விஷயத்தில் வெட்கப்பட வைக்கிறது.

தோட்டா அறைக்குள் போகும் விதம் வேறு. சாகோ 85-இல், தோட்டாப்பெட்டியை விட்டு மேலே எழும்போதே தோட்டாவின் அடி விளிம்பு போல்ட் முகத்திலுள்ள கொக்கிக்குள் வழுக்கிச் சேர்கிறது. அதன்பின் அது போல்ட்டின் பிடியில்தான் பயணம் செய்யும். டிக்காவில் போல்ட் தோட்டாவை முன்னே தள்ளுகிறது, அவ்வளவே. போல்ட் முழுதும் மூடும்போதுதான் கொக்கி விளிம்பைக் கவ்வும். பதற்றத்தில் போல்ட்டைக் கடைசிவரை தள்ளி, பிடியை இறக்காமல் மீண்டும் பின்னால் இழுத்துவிட்டால் முதல் தோட்டா அறையிலேயே நின்றுவிடும். அடுத்த தோட்டாவின் மூக்கு அதன் முதுகில் போய் முட்டும். சாகோவில் இந்தத் தவறு நிகழ்வது அரிது. முதல் தோட்டா கொக்கியோடு திரும்பி வந்துவிடும்.

சென்ற வாரம் பார்த்த மௌசர் 98 காலத்திலிருந்தே இந்தக் கொக்கி வாதம் ஓய்ந்தபாடில்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1964-இல் செலவைக் குறைக்க மாடல் 70-இன் மௌசர் வகைக் கொக்கியைக் கைவிட்டபோது பழைய வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டுக்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி விலை. ஆனால் 1962-இல் வந்த ரெமிங்டன் 700, தள்ளும் முறையை வைத்துக்கொண்டே அமெரிக்கக் காடுகளை நிறைத்தது. நிதானமாகப் போல்ட்டை இயக்கப் பழகியவருக்கு இந்த வித்தியாசம் ஆயுள் முழுதும் தென்படாமலே போகலாம். காயம்பட்ட கரடி எதிரே வரும் இடத்தில் வேட்டையாடுபவர் மட்டும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

சுட்ட கூட்டை வெளியே எறிவதில் நிலைமை தலைகீழ். டிக்காவின் போல்ட் முகத்தில் சுருள்வில் வைத்த சிறு முளை இருக்கிறது. அறையை விட்டு வந்த மறுகணம் கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். சாகோ 85-இலோ கூட்டைத் தட்டிவிடுவது அசையாத ஒரு நாக்கு. போல்ட்டை மெதுவாக இழுத்தால் கூடும் மெதுவாக வரும். சில துப்பாக்கிகளில் மேல்நோக்கி எழுந்து தொலைநோக்கியின் அடியில் மோதி உள்ளேயே விழுகிறது என்பது பல நாட்டு வேட்டைக்காரர்களின் பழைய புகார். 2023-இல் 85-க்குப் பதிலாக வந்த சாகோ 90-இல் சுருள்வில் முளைகளே வைக்கப்பட்டன. விலை கூடிய தம்பி, மலிவான அண்ணனின் வழிக்கு வந்துவிட்டான்.

பாதுகாப்புப் பூட்டில் சாகோவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது வாங்குபவர் கண்ணில் கடைசியாகப் படுவது. இரண்டிலும் பூட்டைப் போட்டால் விசையோடு போல்ட்டும் நகராது. டிக்காவில் அறையிலுள்ள தோட்டாவை எடுக்க வேண்டுமானால் பூட்டை முதலில் விடுவிக்க வேண்டும். அதாவது துப்பாக்கி சுடத் தயாரான நிலையில்தான் அதைக் காலி செய்ய முடியும். சாகோவில் பூட்டின் முன்னால் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் பூட்டு போட்டபடியே போல்ட் திறக்கும். வேட்டை முடிந்து, குளிரில் விரல் மரத்து, இருட்டில் வண்டி அருகே தோட்டா எடுக்கும் வேளையில் இந்தப் பொத்தான் தன் விலையைச் சொல்லும்.

தோட்டாப்பெட்டியும் அப்படியே. டிக்காவினுடையது கெட்டி பிளாஸ்டிக், இலேசானது, உறுதியானது. ஆனால் துப்பாக்கியிலேயே வைத்துக்கொண்டு மேலிருந்து நிரப்ப வராது. கழற்றித்தான் போட வேண்டும். சாகோவின் உலோகப் பெட்டியை மேலிருந்தே நிரப்பலாம். அதைக் கழற்ற, சற்று மேலே அமுக்கிக்கொண்டு தாழை அழுத்த வேண்டும் என்பதால் புதரில் உரசிக் காணாமல் போகாது.

மிச்சப்படுத்திய இடங்கள் டிக்காவில் வேறும் உண்டு. சாகோ 85-க்குத் தோட்டா நீளத்துக்கேற்ப உடற்பகுதி பல அளவுகளில் செய்யப்பட்டது; டிக்காவுக்கு ஒரே அளவு. அதனால் குட்டையான .308 வாங்குபவரும் நீளமான .30-06 தோட்டாவுக்கான உடலைச் சுமக்கிறார். முதல் டி3-இல் போல்ட்டின் பின்மூடி பிளாஸ்டிக், உதை தாங்கும் தகடு அலுமினியம். இவற்றின் மேல் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு டி3எக்ஸில் மூடியை உலோகமாகவும் தகட்டை எஃகாகவும் மாற்றினார்கள். கூடு வெளியேறும் வாயையும் அகலமாக்கினார்கள். செயற்கைக் கட்டை போட்ட டிக்கா லைட் சுமார் 3 கிலோதான். நாள் முழுதும் தோளில் தொங்கவிட்டு நடப்பவருக்கு அது வரம். பயிற்சி மைதானத்தில் ஒரே மூச்சில் நாற்பது தோட்டா சுடுபவரின் தோளுக்கு அதுவே தண்டனை. எடை குறையக் குறைய உதை கூடும். விசையைப் பொறுத்தவரை இரண்டிலும் அது தடங்கலின்றிச் சட்டென்று விடுபடும். இழுக்கத் தேவைப்படும் விசையைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு இழுத்தால் எது எது என்று சொல்வது கஷ்டம்.

டிக்காவின் உழைப்புக்கு ஒரு நல்ல சாட்சி கனடாவில் இருக்கிறது. வடதுருவப் பனிப்பிரதேசத்தில் ரோந்து போகும் கனேடிய ரேஞ்சர்கள் பல்லாண்டுகள் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியையே வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக அரசு தேர்ந்தெடுத்த சி19, டிக்கா டி3எக்ஸை அடிப்படையாகக் கொண்டு கோல்ட் கனடா உரிமம் பெற்றுச் செய்தது, தோட்டா அதே .308 அளவுதான். பனிக்கரடி உலவும் இடத்துக்குப் போனது சாகோ 85 அல்ல.

கணக்குப் போடும்போது துப்பாக்கியின் விலையோடு நிறுத்திக்கொள்வது பலரும் செய்யும் பிழை. நல்ல தொலைநோக்கி சில சமயம் டிக்காவின் விலைக்கே வரும். அதைப் பொருத்தும் வளையங்களிலும் செலவு வேறுபடும். டிக்காவின் 17 மில்லிமீட்டர் நேர்ப்பள்ளத்துக்குப் பல கம்பெனிகளின் வளையங்கள் கிடைக்கும். சாகோவின் பள்ளம் ஒரு முனையில் குறுகுவது. உதையில் வளையம் நழுவாது என்பது நன்மை, தனி வளையமே தேட வேண்டும் என்பது செலவு. பின்லாந்தில் சாதாரணமாகிவிட்ட சத்தக் குறைப்பானும், பயிற்சிக்கான தோட்டாப் பெட்டிகளும் இதே பையிலிருந்துதான் வர வேண்டும். சாகோவை வாங்கிவிட்டு மலிவான தொலைநோக்கியை மாட்டியவரைவிட, டிக்காவின் மேல் தெளிவான கண்ணாடியை மாட்டி மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கியவர் அந்தி வெளிச்சத்தில் நன்றாகச் சுடுவார்.

முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு டிக்காவே போதும், தயங்க வேண்டியதில்லை. பூட்டு போட்டபடி காலி செய்யும் வசதி, மேலிருந்து நிரப்பும் பெட்டி, கொக்கிப் பிடி, வால்நட் கட்டையின் அழகு ஆகியவற்றில் எது தனக்கு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர் சாகோவுக்குப் பணம் கொடுக்கலாம். அவரும் பழைய 85 ஒன்றை வாங்குவதானால், பணத்தை எண்ணுமுன் தொலைநோக்கி மாட்டிய நிலையில் போல்ட்டை மெதுவாக இழுத்து, கூடு வெளியே விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.