மனைக்குத்தான் விலை

இராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலியில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தால், உத்தரத்தைத் தட்டிப் பார்க்க இப்போது ஆளில்லை. முன்பெல்லாம் மரம் தேக்கா வேம்பா, கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்குமா, பொதுச்சுவரில் பங்காளித் தகராறு உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் அட்வான்ஸ் பற்றிய பேச்சே வரும். இன்று வருகிறவர் டேப்பைப் பிடிக்கிறார். முகப்பு இத்தனை அடி, உள்நீளம் இத்தனை அடி, சதுர அடி இன்ன ரேட். திண்ணை, தாழ்வாரம், பின்கட்டு எல்லாம் கணக்கில் காலி மனைதான். கழற்றும் ஓடும் மரமும் இடிக்கிற கூலிக்குச் சரியாகப் போகும்.

அன்றைய நெமிலிக்கு வீடு விற்பனைப் பொருளாகத் தோன்றியதில்லை. பாகப்பிரிவினை, பெண் கல்யாணம், கடன் என்று ஏதாவது நெருக்கினால்தான் பத்திரம் கைமாறும். வாங்குகிறவரும் பெரும்பாலும் அதே தெருக்காரர். இவ்வூரை வெளியூர்க்காரர்கள் அறியக் காரணமான பாலா பீடமே ஒரு வீட்டுக்குள்தான் இருக்கிறது; குசஸ்தலை ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு பாலா திரிபுரசுந்தரி அங்கே குடியிருக்கிறாள். படித்தவர்கள் அரக்கோணம் போய்ச் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். மற்றவர்களுக்கு ஏரிப் பாசனமும் நெல்லும்.

பிறகு வந்தது கம்பெனி வேன். இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல், ஷூ தொழிற்சாலைகள் விடியற்காலையில் ஊர் ஊராக வேன் அனுப்பிப் பெண்களை ஏற்றிச் சென்றன. கூலி குறைவு, வேலை கடுமை, எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேன் இருந்தவரை ஆலை அங்கே, வீடு இங்கே. சம்பளம் ஊருக்குள் வந்தது, வாடகை ஏறவில்லை.

அந்தத் தூரம் இப்போது சுருங்கிவிட்டது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து இராணிப்பேட்டை தனி மாவட்டமானது. நெமிலி வட்டத்தைச் சேர்ந்த பனப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 2024 செப்டம்பர் 28 அன்று அங்கே டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார்: 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கும் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 1,500 கோடி, 25,000 வேலை. இதற்கிடையே 262 கிலோமீட்டர் சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை இந்த மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. மனைப் புரோக்கருக்கு இதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்?

பனப்பாக்கத்து டாடா ஆலை, அந்நிறுவனத்தின் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்குமானது. லேண்ட் ரோவர் 1948இல் பிறந்த சோலிஹல், ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சிறிய சந்தை ஊர். இப்படிப்பட்ட ஊர்களின் பழைய தெருக்களைக் காக்க அந்நாட்டில் 1967இல் சட்டம் வந்தது. ஸ்டாம்ஃபர்டு நகரம் அதன்படி முதலில் பாதுகாக்கப்பட்டது. கல் வீடுகள் தப்பின. அதற்காக விலை குறைந்துவிடவில்லை. அழகான பழைய ஊர்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வீடு எட்டாமல் போவது அங்கே தீராத புலம்பல். நம் ஊரில் ஓட்டு வீட்டுக்குக் காவலும் இல்லை, குடியிருப்பவருக்கும் இல்லை.

விலையேற்றத்தால் எல்லோருக்கும் லாபம் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. சொந்த மனை இருப்பவருக்கு ஒரு முறை லாபம், அதுவும் விற்றால்தான். விற்ற பணத்துக்கு அதே தெருவில் இன்னொரு வீடு வாங்க முடியாது. பின்கட்டை இடித்து வரிசையாக ஒற்றை அறை கட்டி வாடகைக்கு விடுபவர் பிழைத்துக்கொள்வார். மனையே இல்லாத கூலிக்காரரும், குடக்கூலிக்கு இருக்கும் சிறு கடைக்காரரும்தான் முதலில் ஊரைவிட்டு நகர வேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. 'தெரிந்தவர் வீடுதானே' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் மனையை விற்கும் முன்பே அந்தக் காகிதத்தை வாங்கி வையுங்கள்.