பாஸ் அவுட் ஆனீங்களா, மயங்கி விழுந்தீங்களா?

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தாலே "எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்ற கேள்வி தினமும் காதில் விழும். நம்ம ஊர் ஹெச்.ஆர். கேட்டால் வருஷத்தை மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா 'ஐ பாஸ்டு அவுட் இன் 2024' என்று உங்க சீனியர் ஒரு அமெரிக்கரிடம் சொன்னால், அவருக்குப் புரிவது இதுதான்: "2024-ல் நான் மயங்கி விழுந்தேன்."

அங்கே பாஸ் அவுட் என்றாலே முதலில் நினைவிழப்பதுதான். காலையில் சாப்பிடாமல் வெயிலில் நின்ற பையன் தொப்பென்று விழுந்தால், 'ஹி பாஸ்டு அவுட்'. இரண்டு நைட் முழிச்சு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடிச்சிட்டு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாலும் இதே சொல். குடிச்சிட்டு மட்டையானவருக்கும் இதேதான்!

அப்போ நாம சொல்றது தப்பா? முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதையும் பாஸ் அவுட் என்றுதான் சொல்வார்கள். சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடிவில் நடப்பது 'பாஸிங் அவுட் பரேட்'. இந்திய ஆங்கிலத்தில் காலேஜ் முடிப்பதற்கும் இது சகஜம். நமக்குள்ள பேசும்போது தாராளமா சொல்லுங்க.

ஆனா வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்பும் எஸ்.ஓ.பி.யிலும், ரெஸ்யூமிலும் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2024' என்பதுதான் பாதுகாப்பு. இன்னும் படிச்சிட்டு இருந்தா 'ஐ வில் கிராஜுவேட் இன்' என்று போட்டு வருஷத்தை எழுதுங்க. 'ஐ ஆம் 2024 பாஸ்டு அவுட்' மட்டும் எங்கேயுமே வேண்டாம். அது எந்த ஊர் இலக்கணத்திலும் சேராது.

இன்னொரு அர்த்தம், ஆளாளுக்குக் கொடுப்பது. எக்ஸாம் ஹாலில் கேள்வித்தாள் கொடுப்பதை 'பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்' என்றும் சொல்லலாம், 'பாஸ் தி பேப்பர்ஸ் அவுட்' என்றும் சொல்லலாம். 'தெம்' வந்தால் மட்டும் அது நடுவில்தான் உட்காரும்: 'பாஸ் தெம் அவுட்'. மயக்கத்துக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, நடுவில் வைக்க எதுவும் கிடையாது.

அவசரத்தில் 'அவுட்' இருக்கிற இடத்தில் 'அவே' போட்டுடாதீங்க. 'ஹி பாஸ்டு அவே இன் 2024' என்றால் அந்த சீனியர் இறந்தே போயிட்டாருன்னு அர்த்தம்.