டாக்டரின் தொண்டைக்குள் டேவ்ராஸ்!

ஜென்மப் பகைவர்கள் இரண்டு பேர். இவன் உடம்புக்குள் அவன், அவன் உடம்புக்குள் இவன். சினிமாவாக இருந்தால் முகத்தைக் காட்டியே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். முகமே இல்லாத, காதுக்கு மட்டுமான நாடகத்தில் இதை எப்படிச் செய்வது? செய்திருக்கிறார்கள்! 2012 ஜனவரியில் பிரிட்டனின் பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட ‘தி கர்ஸ் ஆஃப் டேவ்ராஸ்’ என்ற ஒலி நாடகம்தான் அது. மும்பை கோவண்டியில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, கதவோரக் கூட்டத்தில் நசுங்கியபடி ஹெட்போனில் இதைக் கேட்டுப் பாருங்கள். சுற்றிலும் என்ன சத்தம் இருந்தாலும் காதில் விழாது. அத்தனை குஷி!

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டாக்டர் ஹூ’ 1963இல் பிபிசி தொடங்கிய தொலைக்காட்சித் தொடர். நாயகன் டாக்டர், காலத்தில் பயணம் செய்பவர். டேவ்ராஸ் என்பவன், டாலெக்குகள் என்ற ஈவிரக்கமே இல்லாத கவச உயிரிகளைப் படைத்த விஞ்ஞானி. கருகிச் சுருங்கிய உடம்பு, நெற்றியில் ஒரு மின்கண், நகரும் நாற்காலியோடு ஒட்டிப்போன வாழ்க்கை. இவர்கள் இருவரையும்தான் எழுத்தாளர் ஜொனாதன் மாரிஸ் இடம் மாற்றிவைத்தார். அதுவும் எங்கே? 1815 ஜூன், வாட்டர்லூ போர்க்களத்தில்! நெப்போலியனும் உண்டு, டாலெக்குகளும் உண்டு. எந்த இடத்தில் யார் யாராக இருந்தார்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அதை நீங்களே கேட்டுத் துள்ள வேண்டும்.

இப்போது திரைக்குப் பின்னால் போகலாம், வாருங்கள்.

டேவ்ராஸாக முதலில் நடித்தவர் மைக்கேல் விஷர், 1975இல். ரப்பர் முகமூடி மாட்டினால் முகம் பயன்படாது, குரல் ஒன்றுதான் கைகொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒத்திகையிலேயே தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வசனம் பேசினார்! அந்தப் பாத்திரம் அன்றைக்கே பாதி ஒலி நாடகம் ஆகிவிட்டது என்பேன்.

1984இல் அந்த நாற்காலி டெர்ரி மொல்லாயிடம் வந்தது. இவரோ வானொலிக்காரர். 1951 முதல் பிபிசி வானொலியில் ஓடிக்கொண்டிருக்கும் ‘தி ஆர்ச்சர்ஸ்’ நாடகத்தில் மைக் டக்கர் என்ற பால்பண்ணைக்காரராகப் பல்லாண்டுகள் பேசியவர். டாக்டராக நடித்தவர்களில் ஆறாமவரான காலின் பேக்கரோடு அவர் மோதியது 1985இல். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கழித்து அதே இருவர் மைக்குக்கு முன்னால் வந்து, ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் நடிக்கிறார்கள். நினைக்கும்போதே எனக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்து வருகின்றன.

விதி இதுதான்: உடம்பு யாருடையதோ, குரல் அவருடையது. டாக்டரின் உடம்பில் டேவ்ராஸ் புகுந்தால் நமக்குக் கேட்பது காலின் பேக்கரின் குரல். ஆனால் பேசுவது டேவ்ராஸ். அப்படியானால் நடிகருக்குக் கையில் மிஞ்சுவது என்ன? சொற்களின் வேகம், மூச்சு இழுக்கும் இடம், ஒரு வாக்கியத்தை எங்கே கடித்து நிறுத்துவது, எப்போது குரல் ஏறி வெறியாக வெடிப்பது. மறுபக்கம் மொல்லாய், அந்தக் கரகரத்த தொண்டைக்குள்ளிருந்து டாக்டரின் குறும்பையும் கருணையையும் வெளியே கொண்டுவர வேண்டும். அரக்கக் குரல் பரிவோடு பேசும்போது வருகிற அந்த உதறல் இருக்கிறதே, அதை எந்த கிராஃபிக்ஸும் தர முடியாது.

இதில் இயந்திரத்துக்கும் ஒரு வேடம் உண்டு. டாலெக் குரலின் ரகசியம் ரிங் மாடுலேட்டர். மனிதக் குரலையும், நொடிக்கு ஏறக்குறைய 30 முறை அதிரும் ஒரு மின்னலையையும் ஒன்றோடொன்று பெருக்கினால், இரண்டின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வுகள் பிறக்கும். அதுதான் அந்த உலோக நடுக்கம். 1963இல் பிபிசி ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பில் பிரையன் ஹாட்ஜ்சன் இதைப் பிடித்தார். இன்றைக்கு டாலெக்குகளுக்குக் குரல் கொடுக்கும் நிக்கோலஸ் பிரிக்ஸும் அதே கருவியைத்தான் நம்புகிறார். உடல் மாற்றக் கதையில் டேவ்ராஸ் குரலிலுள்ள இந்த வகை மின்பூச்செல்லாம் உடம்போடு தங்கிவிடும், மனசோடு போகாது. டேவ்ராஸின் மனசு பூச்சில்லாமல் வெறுங்குரலில் நிற்க வேண்டும். நடிப்பு அங்கேதான் மாட்டிக்கொள்ளும், அங்கேதான் ஜெயிக்கும்.

பிக் ஃபினிஷ் ஸ்டூடியோவில் நடிகர்கள் தனித்தனிச் சிற்றறைகளில் நிற்கிறார்கள், கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்தபடி. ஒரு குரல் இன்னொரு மைக்கில் கசியக் கூடாது, பிறகு தனியாகப் பிரித்து வேலை செய்ய வேண்டுமே! பீரங்கியும் குதிரையும் அப்போது கிடையாது. அவையெல்லாம் பிற்பாடு ஒலி வடிவமைப்பாளர் சேர்ப்பவை. நெப்போலியன் போர் நடத்துவது நிசப்தமான அறையில்!

இதில் எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்த விளையாட்டை நம் பக்கம் எப்போதோ ஆடிவிட்டார்கள். ‘பகவதஜ்ஜுகம்’ என்ற சமஸ்கிருதப் பிரகசனம் (கேலி நாடகம்), காஞ்சிபுரத்துக்கு அருகே மாமண்டூர் குகைக் கல்வெட்டில் ‘மத்தவிலாசம்’ என்ற இன்னொரு பிரகசனத்தோடு சேர்த்துக் குறிப்பிடப்படுகிறது. போதாயனர் எழுதியது என்பார்கள், பல்லவன் மகேந்திரவர்மன் எழுதியது என்பாரும் உண்டு. எமதூதன் ஆள் மாறி ஒரு கணிகையின் உயிரைப் பறித்துவிடுகிறான். சீடனுக்கு யோகத்தின் மகிமையைக் காட்ட, துறவி அவள் உடம்பில் புகுந்துவிடுகிறார். தவறை உணர்ந்து திரும்பி வந்த எமதூதன், வேறு வழியின்றி அவள் உயிரைத் துறவியின் உடம்பில் போடுகிறான். கணிகை வாயில் வேதாந்தம், துறவி வாயில் சரசம்! துறவும் போகமும் டாக்டரையும் டேவ்ராஸையும் விடப் பழைய பகைவர்கள். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் இதை இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

அறிவியல் புனைவு வேண்டுமா? எமதூதனை எடுத்துவிட்டு, தவறான கோப்பைத் திறந்துவிட்ட ஒரு கணினியை அங்கே வையுங்கள். நாடகம் அப்படியே ஓடும். குரல்களும் நிறைய வேண்டாம். சிலி நாட்டின் ‘காஸோ 63’ ஒலித்தொடர் 2021இல் ‘வைரஸ் 2062’ என்று இந்திக்கு வந்தபோது, ரிச்சா சட்டா, அலி ஃபஸல் இருவரின் பேச்சுதான் அதற்கு முதுகெலும்பு.

கோவண்டியில் ஒலிப்பதிவு செய்வது லேசல்ல, ஒப்புக்கொள்கிறேன். ரயில் ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், பாங்கொலி, தெருவில் பிள்ளைகளின் கூச்சல். நடுராத்திரி தாண்டி, ஃபேனை நிறுத்தி, ரஜாயைத் தலைக்கு மேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டால் ஒரு போனிலேயே நல்ல குரல் விழும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் நாடகத்தை வளர்க்கும் நண்பர்களே, அடுத்த ஒத்திகையில் ஒரு பக்க வசனத்தை எடுங்கள். இரண்டு நடிகர்களும் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு, கண்ணை மூடிப் பேசட்டும். பிடித்திருந்தால் ‘பகவதஜ்ஜுக’த்தைத் தமிழ் ஒலி நாடகமாகப் போடுங்கள். சீடன் வேடத்துக்கு ஆள் தேவைப்பட்டால் நான் கோவண்டியில்தான் இருக்கிறேன்.