அந்தி வெளிச்சத்தில் ஒரு குடும்பப் படம்

காணும் பொங்கல் மாலை. சென்னை மெரீனாக் கடற்கரையில் மக்கள் வெள்ளம். ஊரிலிருந்து உங்கள் தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கிறார்கள். அத்தை குடும்பமும் வந்திருக்கிறது. அடுத்த வாரம் வேலைக்காக வெளிநாடு செல்லவிருக்கும் சித்தப்பாவும் உடன் இருக்கிறார். இத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின! இனி எப்போது சேர்வார்களோ? "எல்லாரையும் வைத்து ஒரு படம் எடுத்துவிடு" என்று காமிராவை உங்கள் கையில் கொடுக்கிறார் அப்பா.

சுண்டல் தின்று, அலையில் கால் நனைத்து, ஒருவழியாக அனைவரையும் வரிசையில் நிறுத்துவதற்குள் சூரியன் மறைந்துவிட்டது. அவசர அவசரமாக மூன்று படங்கள் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், முதல் படத்தில் தங்கைக்கு இரண்டு தலை! இரண்டாவதில் எல்லார் முகமும் கரி பூசியது போல் இருக்கிறது. மூன்றாவதில் முன்வரிசை சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது; பின்வரிசை இருட்டில் மூழ்கிக் கிடக்கிறது. சித்தப்பா நின்றது பின்வரிசையில்தான்.

காமிராவில் கோளாறா? இல்லை. அந்தி நேரத்து ஒளியின் கணக்கை நாம் அறிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கை இப்போது பார்ப்போமா? கைப்பேசியில் உள்ள காமிராவானாலும் தனிக் காமிராவானாலும் கணக்கு ஒன்றே.

ஒளி எவ்வளவு விரைவில் குறைகிறது?

ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவை 'லக்ஸ்' என்னும் அலகால் குறிப்பிடுவார்கள். நண்பகல் வெயிலில் இது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். தெளிந்த வானில் சூரியன் மறையும் நேரத்தில் ஏறத்தாழ 400 லக்ஸ். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது எஞ்சியிருப்பது 3 அல்லது 4 லக்ஸ் மட்டுமே.

சூரியன் மறைவதற்கும் இந்த 6 பாகைக்கும் இடைப்பட்ட பொழுதையே வானியலார் குடிமை அந்தி என்கின்றனர். வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாகச் சரிவதுபோல் விரைவில் கீழிறங்குகிறது. எனவே நம் அந்தி குறுகியது. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் மாலை 6 மணியை ஒட்டி மறைகிறது. குடிமை அந்தி ஏறத்தாழ 23 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. லண்டனிலோ ஜூன் மாதத்தில் இது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். அங்குள்ளவர் நிதானமாகப் படம் எடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 400 லக்ஸைப் பாதியாக்குங்கள்: 200. மீண்டும் பாதி: 100. இப்படியே ஏழு முறை பாதியாக்கினால் 3 லக்ஸை அடைந்துவிடலாம். 23 நிமிடத்தில் ஏழு முறை! அதாவது, சராசரியாக மூன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாதியாகிறது. "பாப்பா இங்கே பார், தாத்தா கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஏழு நிமிடத்தைக் கழித்தீர்களானால், கையிலிருந்த ஒளியில் கால் பங்குதான் மிச்சம்.

இது ஏன் நமக்குத் தெரிவதில்லை? நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடுகிறது. வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும் கண்மணித் துளை, இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். பரப்பளவில் இது ஏறத்தாழ 12 மடங்கு. அதற்கு மேல் விழித்திரையும் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. எனவே "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று நாம் எண்ணுகிறோம். காமிராவோ உள்ள ஒளியை உள்ளபடியே அளக்கிறது.

ஒளியைத் திரட்ட மூன்று வழிகள்

மழைநீரைக் குடத்தில் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்தால் என்ன செய்வீர்கள்? அகன்ற வாயுள்ள பாத்திரத்தை வைப்பீர்கள். அல்லது நெடுநேரம் வைத்திருப்பீர்கள். காமிராவும் இதையே செய்கிறது.

முதல் வழி, லென்ஸின் துளையை அகலத் திறப்பது. துளை அகன்றால் ஒளி கூடும். ஆனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறையும். முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வர வாய்ப்புண்டு. பெரும்பாலான கைப்பேசிகளில் துளையின் அளவு மாறாதது. எனவே அவற்றில் இந்த வழி இல்லை.

இரண்டாவது வழி, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்திருப்பது. மூன்றாவது வழி, உணர்திறனைக் கூட்டுவது. காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்று குறிக்கப்படும் எண் இதுதான். இந்த எண்ணைக் கூட்டுவதால் புதிதாக ஒளி வந்துவிடுவதில்லை. கிடைத்த சிறு ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. தொலைதூர வானொலி நிலையத்தின் ஒலியைக் கூட்டினால் கூடவே இரைச்சலும் கூடுகிறது அல்லவா? அதேபோல் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐ.எஸ்.ஓ. 400, துளை அளவு எஃப் 2.8 என்று வைத்துக்கொண்டால், சூரியன் மறையும் தருணத்தில் ஏறத்தாழ 1/60 விநாடி திறந்தால் போதும். பத்து நிமிடம் கழித்து 1/8 விநாடி தேவைப்படும். குடிமை அந்தி முடியும்போதோ இரண்டு விநாடி வேண்டும்.

தங்கைக்கு இரண்டு தலை வந்த மர்மம் இங்கேதான் இருக்கிறது. மெல்ல நடக்கும் குழந்தை விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். 1/60 விநாடியில் அது நகர்வது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. 1/8 விநாடியிலோ 12 சென்டிமீட்டர்! ஒரு முகத்தின் அகலத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஷட்டர் மூடுவதற்குள் தங்கை தலையைத் திருப்பிவிட்டாள். இரண்டு நிலைகளும் ஒரே படத்தில் பதிந்துவிட்டன.

1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை டாகர் என்பவர் படம் எடுத்தார். அன்றைய தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். வண்டிகளும் மக்களும் நிறைந்த அத்தெரு, படத்தில் ஆளரவமற்றுக் காட்சியளிக்கிறது. நகர்ந்தவை எதுவும் பதியவில்லை. ஓர் ஓரத்தில் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்களில் ஒருவர் அவர் எனக் கருதப்படுகிறார். அசையாமல் நின்றவருக்கே படத்தில் இடம்!

இன்றைய கைப்பேசிகளில் இரவுப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திச் சராசரி காண்பதே அதன் உத்தி. 16 படங்களைச் சேர்த்தால் புள்ளி இரைச்சல் கால் பங்காகக் குறையும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பும் அதில் உண்டு. ஆனால் எதிரே நிற்பவர் அசைந்தால் எந்த அமைப்பாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. "மூன்று எண்ணும் வரை யாரும் அசையாதீர்கள்" என்று சொல்வது இன்றும் தேவைதான்.

எந்தத் திசையில் நிறுத்துவது?

முகங்கள் கரிய நிறமாக வந்த படத்தை நீங்கள் மேற்குப் பார்த்து நின்று எடுத்தீர்கள். குடும்பத்தினருக்குப் பின்னால் செவ்வானம் ஒளிர்ந்தது. காமிராவின் அளவி வானத்தின் ஒளியைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, "போதுமான ஒளி இருக்கிறது" என்று முடிவு செய்துவிட்டது. முகங்கள் நிழலுருவாயின.

மெரீனா கிழக்குப் பார்த்த கடற்கரை. சூரியன் நகரத்தின் பக்கம் மறைகிறது. எனவே, கடலுக்கு முதுகு காட்டிக் குடும்பத்தினரை நிறுத்துங்கள். நீங்கள் சாலைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மேற்கு வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகி எல்லார் முகத்திலும் ஒளியைப் பொழியும். சூரியன் ஒரு சிறு வட்டம், அதன் நேரொளியில் மூக்கின் கீழும் கண்குழியிலும் கரிய நிழல் விழும், கண்ணும் கூசும். சூரியன் மறைந்தபின் வரும் ஒளியோ அகன்ற வானத்திலிருந்து எல்லாத் திசையிலும் வருவதால் நிழல் மென்மையாகிறது. பாட்டியும் கண்ணைச் சுருக்காமல் பார்ப்பார். அந்திப் படத்தின் அழகு இதில்தான் இருக்கிறது.

இன்னொரு பரிசும் காத்திருக்கிறது. வானம் தெளிவாயிருந்தால், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கடலை ஒட்டிக் கீழ்வானில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கீழே உள்ளது மேகமன்று. நாம் நிற்கும் பூமியின் நிழலே அது! காற்றுமண்டலத்தின் மீது அந்த நிழல் விழுகிறது. நிழலுக்கு மேலே உள்ள காற்றில் செந்நிறச் சூரிய ஒளி இன்னும் படுவதால் அது சிவந்து தெரிகிறது. உங்கள் குடும்பத்தின் பின்னே பூமியின் நிழலே திரையாக நிற்கும்.

கோழிக்கோடு, கோவளம் போன்ற மேற்குக் கரைக் கடற்கரைகளில் நிலைமை தலைகீழ். அங்கே கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியனும் முதுகுப் பக்கம்தான். அப்போது முகத்துக்குத் தனியாக ஒளி தரவேண்டும். இல்லையேல் கரையின் பக்கம் காமிராவைத் திருப்ப வேண்டும்.

பிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும்?

மூன்றாவது படத்தைக் கெடுத்தது பிளாஷ். சிறு விளக்கின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்கு. முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசையின் ஒளியில் ஒன்பதில் நான்கு பங்கு. அதாவது பாதிக்கும் குறைவு. கடலுக்கோ ஒன்றும் எட்டாது. பிளாஷ் போட்டே தீரவேண்டுமானால், எல்லாரையும் காமிராவைச் சுற்றிப் பிறை வடிவில், ஒரே தூரத்தில் ஒரே வரிசையாக நிறுத்துங்கள். மேற்கு வானம் என்னும் விளக்கு மிகத் தொலைவில் இருப்பதால், அதற்கு முன்வரிசை, பின்வரிசை என்ற வேறுபாடு இல்லை.

கழுத்தில் விழும் கோடு

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கடலின் தொடுவானம் எப்போதும் காமிரா இருக்கும் உயரத்திலேயே தெரியும். நீங்கள் காமிராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால், அதே மணல் மட்டத்தில் நிற்பவர்களின் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அக்கோடு ஓடும். பெரியவர்கள் பலருக்கு அது கழுத்து! சற்றுக் குனிந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு இடுப்புக்கு இறங்கிவிடும். முகங்கள் வானத்தின் பின்னணியில் தெளிவாக நிற்கும். லென்ஸின் மேல் உப்புக் காற்று படிந்து மங்கலாக்கியிருக்கும். மென்மையான தூய துணியால் அதை முன்கூட்டியே துடைத்துவிடுங்கள். மணல் ஒட்டிய துணி கூடாது. கண்ணாடியில் கீறல் விழும்.

படம் எடுத்தவர் எங்கே?

பல வீட்டு ஆல்பங்களில் ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். படங்களை எல்லாம் எடுத்தவர் அவர்தான். இதைத் தவிர்க்க, பத்து விநாடி கழித்துத் தானாகவே படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். காமிராவை ஒரு முக்காலித் தாங்கியின் மேலோ, அடுக்கி வைத்த பைகளின் மேலோ அசையாமல் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாத்தாவின் பக்கத்தில் நின்றுகொள்ளலாம். இதில் இரண்டு நன்மைகள். பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அதிர்வு இல்லை. படத்தில் நீங்களும் இருக்கிறீர்கள்.

வீட்டு மாடியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாற்காலியில் வெள்ளைத் துணியைப் போர்த்தி, மேகமில்லாத மாலையில் மேற்கு நோக்கி வையுங்கள். சூரியன் மறைந்ததிலிருந்து மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் ஷட்டர் நேரமும் ஐ.எஸ்.ஓ. எண்ணும் பதிவாகியிருக்கும். இரண்டையும் பெருக்கி வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு வரைபடம் வரையுங்கள். ஒளி பாதியாகும்போதெல்லாம் அந்த எண் இரட்டிப்பதைக் காண்பீர்கள்.

அடுத்த காணும் பொங்கலன்று ஐந்தே முக்கால் மணிக்கே எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிடுங்கள். சுண்டல் அப்புறம் தின்னலாம். கடற்கரையில் அது எட்டு மணிக்கும் கிடைக்கும். ஒளியோ மூன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் காத்திராது.